ஹாஜியாரின் ஐம்பது அடி

எங்கள் ஊர்த் தண்ணீர்த் திட்டத்தின் பம்பறைச் சுவரில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் முதலில் வெட்டியது பதினொரு வரி. முதல் ஒன்பது வரியும் ஸைனுலாப்தீன் ஹாஜியாரைப் பற்றியவை: அவருடைய வாப்பாவின் பெயர், மூத்தவாப்பாவின் பெயர், அவர் வகித்த பதவிகள், வகிக்க ஆசைப்பட்ட பதவிகள். பத்தாவது வரி திகதி. பதினோராவது வரியில்தான், கல் முடிகிற இடத்தில் எழுத்துகளை நெருக்கிப் பிடித்து, 'குடிநீர்க் கிணறு' என்று இருக்கிறது. தண்ணீருக்கு அவ்வளவுதான் இடம் கிடைத்தது.

நான் நிப்றாஸ். பகலில் பாடசாலை அலுவலகத்தில் கோப்பு எழுதுகிற லிகிதர். மற்ற நேரத்தில் அந்தத் திட்டத்தை நடத்துகிற சங்கத்தின் செயலாளர். ஹாஜியார் தலைவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒன்பது வருடம் ஒரு மனிதன் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தால் அவனைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். மரியாதை மட்டும் மிஞ்சாது.

சாய்ந்தமருதுக்கு மேற்கே, வயலை ஒட்டி, நூற்றறுபது குடும்பம் இருக்கிற ஊர் எங்கள் மருதடிவட்டை. ஹாஜியார் சைக்கிளில் துணி கட்டி விற்றுத் தொடங்கியவர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உழைத்த மனிதர். பிறகு சவூதிக்குப் போனார், வந்தார், ஹாட்வெயார் கடை போட்டார். குறை அங்கேதான் ஆரம்பம். கடையில் குழாயும் கொமட்டும் விற்றதால் தண்ணீரிலும் சுகாதாரத்திலும் தான் பெரிய நிபுணர் என்று நம்பத் தொடங்கினார். ஊரும் நம்பியது. நம்புவதற்கு எங்கள் ஊருக்குப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை, ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு லொறியும் போதும்.

அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு ஒரு வீடு பிறந்த மாதிரி. மாப்பிள்ளை வந்து குடியேறுவதற்கு முன் சீதன வீடு எழும்பி நிற்க வேண்டும். அதற்காக வீடு நிற்கிற மனையை, எங்கள் பேச்சில் வளவை, வெட்டிப் பிரிப்போம். பிள்ளைக்கு ஒரு துண்டு, அவள் பிள்ளைக்கு அதிலே ஒரு துண்டு. துண்டுக்குத் துண்டு ஒரு கிணறும் ஒரு கக்கூஸும். கடைசியில் ஒருத்தி வீட்டுக் குழிக்கும் தங்கச்சி வீட்டுக் கிணற்றுக்கும் நடுவே ஒரு வாழைமரம்தான் மிஞ்சும். மண்ணோ கடல் மணல், ஊற்றிய தண்ணீர் நிற்காது. இப்படியே மூன்று தலைமுறை ஒருவருடைய அழுக்கை ஒருவர் குடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் கண்ணூறு என்றோம்.

அதனால்தான் திட்டம் வந்தது. ஜீப்பில் வந்த அதிகாரிகள் சங்கம் அமைக்கச் சொன்னார்கள். கிணற்றுக்கு நிலம் வேண்டும், அந்த நிலத்தின் உறுதிப் பத்திரம் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். ஊரில் நல்ல தண்ணீர் ஊறுகிற இடம் ஒன்றுதான்: ஊரின் மேற்குக் கோடியில் ஹாஜியாருக்கு இருந்த வளவுத் துண்டு. பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் அவர் எழும்பி நின்று, "அந்தப் பூமிய வக்பாக் குடுக்கன்" என்றார். வக்பு என்றால் அல்லாஹ்வின் பெயரில் பொதுவுக்கு விட்டது, திரும்ப எடுக்க முடியாது. சனம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

உறுதி எழுதச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பள்ளிக்குள் நின்று வக்பு என்று சொன்ன ஹாஜியாரிடம் காகிதம் கேட்பது அவரைப் பொய்யன் என்று சொல்வது போல எங்களுக்கு. உறுதிக்குப் பதிலாக ஒரு சம்மதக் கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். அதிகாரிகளுக்கும் அவசரம், வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தக் கதையில் முதல் முட்டாள் நான்தான்.

கிணறு கட்டி முடிந்ததும் ஹாஜியாருக்கு ஒரு வேலை பிடித்துப்போனது, அளப்பது. எந்தக் கிணற்றிலிருந்தும் கக்கூஸ் குழி ஐம்பது அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அவர் கடையிலிருந்து ஒரு மஞ்சள் டேப்பை எடுத்துக்கொண்டு, பம்பை இயக்குகிற நபீலாவை மறுமுனை பிடிக்க வைத்து, வளவு வளவாக ஏறி இறங்கினார். அண்ணன் தம்பி என்று பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார். பார்த்தார். வசதியானவன் வளவில் டேப் கொஞ்சம் இழுபடும்.

அஸ்மியாவின் வளவில் இழுபடவில்லை. புருஷன் இல்லாதவள், இடியப்பம் அவித்து விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அவள் குழி ஊர்க் கிணற்றிலிருந்து நாற்பத்திரண்டு அடியில் நின்றது.

"எட்டடி கொறையிது. ஒடைக்கணும்" என்றார் ஹாஜியார்.

"புள்ளைகளோட நான் எங்க போற ஹாஜியார்?"

"பக்கத்து ஊட்டுக்குப் போ. ஊர்ர தண்ணி பெரிசா, ஒன்ட கக்கூஸ் பெரிசா?"

உடைத்தார்கள். அறிவித்தலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நாலு மாதம் அஸ்மியா கையில் வாளியோடு வீடு வீடாகப் போனாள். பிறகு ஒரு மாதிரி வேறு குழி வெட்டினாள். ஹாஜியார் மறுபடி போய் அளந்து, ஐம்பது அடி இரண்டு அங்குலம் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர். அதை நான் மறுக்கமாட்டேன். நபீலா காலையில் மோட்டர் போட்டு, குளோரின் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பாள். அவள் இருந்தபடியால் அந்த வருடங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் இல்லை. அதற்கும் நன்றி ஹாஜியாருக்குத்தான் போனது.

போன வருடம் அவருடைய கடைசி மகள் றுமானாவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை ஆசிரியர். மாப்பிள்ளை வீட்டார் அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும் என்றார்கள். ஹாஜியாரிடம் மிஞ்சியிருந்தது மேற்குக் கோடிதான், அதாவது ஊர்க் கிணறு இருக்கிற துண்டு. அங்கே வீடு எழும்பியது. ஒரு நாள் பின்னேரம் நபீலா பாடசாலை வாசலுக்கே வந்து நின்றாள். கையில் அதே மஞ்சள் டேப்.

"காக்கா, குழி வெட்டுறாங்க. கிணத்திலரிந்து பத்தொம்பதடி. ஹாஜியார்ர டேப்பாலேயே அளந்த நான்."

"வடிவா அளந்தியா?"

"ரெண்டு தரம் அளந்த. கொப்பிலயும் எழுதிட்டன். மாரி வந்தா அந்தக் குழியும் கிணறும் ஒண்டுதான் காக்கா."

நான் போனேன். ஹாஜியார் புது வீட்டின் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, போர்ட்டிக்கோவுக்கு ஓடு பதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூமி வக்பெண்டு நீங்கதானே ஹாஜியார் பள்ளிக்குள்ள சென்னீங்க" என்றேன்.

"கிணத்தத்தான் சென்னன். மண்ணச் சென்னனா? உறுதியக் காட்டுங்க பாப்பம்."

"ஐம்பதடி எண்டு ஊரெல்லாம் அளந்தது நீங்க."

"அது பழைய குழிக்கி தம்பி. இது என்ட கடைக் கொங்கிறீட் வளையம். இதுக்கு அடிக்கணக்கு இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய சாமர்த்தியத்தைச் சொல்வது போலச் சொன்னார்: "இந்தத் துண்ட முழுசா றுமானாட பேரில சீதனமா எழுதிட்டன். கிணறும் அதுக்குள்ளதான். வளவுக்குள்ளேயே கிணறு இரிக்கெண்டு மாப்புள ஊட்டாருக்கும் பெரிய சந்தோசம்."

அடியை அடைக்காத வளையம் அழுக்கைத் தடுக்காது என்பது எனக்குத் தெரியும். அதை விற்கிற அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு ஊரின் குடிதண்ணீரைத் தன் மகளின் கலியாண மேசையில் பலகாரத் தட்டோடு வைத்துக் கொடுத்த மனிதர் அவர். அவர் முகத்துக்கு நேரே துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. "யோசிச்சுச் செய்யுங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

பொதுக்கூட்டம் கூட்டினோம். எண்பது பேர் வந்தார்கள். நபீலா எழும்பி, பத்தொன்பது அடி என்று தெளிவாகச் சொன்னாள். ஹாஜியார், "நீ மோட்டரப் போடுற வேலையப் பாரு புள்ள" என்றார். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் கலியாணக் கார்ட் இருந்தது. ஒருவன் மச்சான், ஒருவன் மருமகன், ஒருவன் கடையில் கடனுக்குச் சீமெந்து எடுத்தவன். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளின் வயிறு தோற்றுப்போனதை அன்று கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கூட்டக் குறிப்பில் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதினேன். அஸ்மியா மட்டும் எழும்பி வெளியே போனாள்.

கலியாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை குடியேறினார். மார்கழியில் அடைமழை. மழை தொடங்கி மூன்றாவது கிழமை ஊரில் வயிற்றோட்டம் தொடங்கியது. முதலில் சின்னப் பிள்ளைகள். அஸ்மியாவின் மகளின் குழந்தை கல்முனை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து தப்பியது. பிறகு பெரியவர்கள். புது மாப்பிள்ளையும் சேலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். வளவுக்குள்ளேயே கிணறு இருந்தபடியால் முதல் தண்ணீர் அவருக்குத்தானே.

சுகாதாரப் பரிசோதகர் சசிகரன் பாண்டிருப்பிலிருந்து வந்து மாதிரி எடுத்துப் போனார். முடிவு வந்ததும் நேரே பம்பறைக்கு வந்தார். நபீலாவின் கொப்பியை வாசித்தார். கூட்டக் குறிப்பையும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன்.

"கிணத்த மூடுங்க, கக்கூசுக்கும் பூட்டுப் போடுங்க" என்றார். "குழிய எடுத்து, கிணத்தத் துப்பரவாக்கி, ரெண்டு மாதிரி சுத்தமா வந்தாத்தான் திறக்கலாம். நிலத்துக்காரர் சம்மதிக்காட்டி வேற ஊரில கிணறு தேடுங்க."

ஹாஜியார் சம்மதிக்கவில்லை. மழைதான் காரணம் என்றார். நபீலா குளோரின் குறைத்துப் போட்டாள் என்றார். குழியை முன்பக்கம் மாற்றுவதென்றால் போர்ட்டிக்கோவை உடைக்க வேண்டும், அந்த ஓடு இனிக் கிடைக்காது என்றார். தண்ணீர் பௌசர் வந்தது, ஊர் வரிசையில் நின்றது, அவர் போர்ட்டிக்கோ ஓட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பூட்டுப் போட்ட வீட்டில் இருந்தவள் றுமானா. உம்மா வீடு ஊரின் மறுகோடியில். விதிப்படி குழி உள்ள பக்கத்து வீடு ஒன்றுதான், அஸ்மியாவின் வீடு. ஹாஜியாரின் செல்ல மகள் கையில் வாளியோடு அந்த வாசலில் போய் நின்றாள். அஸ்மியா நினைத்திருந்தால் என்னவும் சொல்லியிருக்கலாம். "வா மகள், தண்ணி உள்ளுக்கு வெச்சிரிக்கன்" என்றுதான் சொன்னாளாம். அந்த எட்டு அடிக் கதை நடந்தபோது றுமானா கொழும்பில் படித்துக்கொண்டிருந்தவள், ஒன்றும் அறியாதவள். நாலு நாள் போய் வந்ததில் அறிந்துகொண்டாள். ஐந்தாம் நாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"காக்கா, அந்தக் கிணறு என்ட பேரிலயாம். மெய்யா?"

"மெய்தான்."

"வாப்பாட பேரில ஒண்டுமில்லயா?"

"ஒண்டுமில்ல. எல்லாம் ஒங்களுக்குச் சீதனமா எழுதிட்டார்."

"அப்ப நான் சங்கத்துக்கு எழுதிக் குடுத்தா அவர் கேக்கேலாதே?"

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஒன்பது வருடம் நான் கேட்கப் பயந்த காகிதத்தை இந்தப் பிள்ளை வாசலில் நின்று கொண்டு தருகிறாள்.

கல்முனையில் நொத்தாரிசின் அலுவலகத்தில் உறுதி எழுதினோம். கிணறும் சுற்றியுள்ள ஐம்பது அடியில் அவள் துண்டுக்குள் வருகிற மண்ணும். மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை, அவருக்கு இன்னும் கஞ்சிதான். நபீலாவும் நானும் சாட்சி. ஹாஜியார் எப்படியோ கேள்விப்பட்டு, மூச்சு வாங்க வந்து கதவடியில் நின்றார். மகளின் கையெழுத்து காய்வதைப் பார்த்தார். ஊரின் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தக் கல்லக் கழட்டப்படாது" என்றார். "என்ட பேர் அதிலரிந்து போகப்படாது."

றுமானா பேனையை மூடி வைத்தாள். "இரிக்கட்டும் வாப்பா. ஒங்கட பேர் அப்படியே இரிக்கட்டும். கீழ ஒரு வரி மட்டும் சேக்கச் சென்னன்."

போர்ட்டிக்கோ உடைந்தது. பழைய குழியை அள்ளிச் சுண்ணாம்பும் மணலும் போட்டு மூடினார்கள். மாசி கடைசியில் இரண்டு மாதிரியும் சுத்தமாக வந்தன. நபீலா மோட்டரைப் போட்டாள். அன்று பின்னேரம் கல் வெட்டுகிறவர் வந்து வேலையைச் செய்துவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கல்லில் பன்னிரண்டு வரி. ஒன்பது வரி ஸைனுலாப்தீன் ஹாஜியார், ஒரு வரி திகதி, ஒரு வரி கிணறு. கல்லின் கீழ் விளிம்பில், மிஞ்சிய விரற்கடை இடத்தில், கடைசி வரியாக '19 அடி'. வெளியூரார் அது என்ன என்று கேட்டால் எங்கள் ஊரில் பால் பல் விழாத பிள்ளையும் சொல்லும். ஹாஜியார் இப்போது பம்பறையைத் தவிர்த்துப் பள்ளிக்குச் சுற்றுப் பாதையில் போகிறார். நான் கல்லைத் தாண்டிப் போகிற பழைய பாதையிலேயே போகிறேன். 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதியவனின் பெயரை றுமானா கல்லில் சேர்க்கச் சொல்லவில்லை.