உப்புக்குச் சாகாத கிருமி

சின்னப்பாப்பாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மரக்காணம் உப்பளத்தில் நாளெல்லாம் உப்பு வாரிவிட்டு வந்தாலும், காலில் சக்கரம் கட்டியவள்போல வீட்டுக்கும் வாசலுக்கும் அலைவாள். பிள்ளை குட்டி இல்லை. வளர்த்த நாய்க்குட்டிதான் அவளுக்கு எல்லாம்.

அது ரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. அழுதுகொண்டே அவள் செய்த காரியம் உப்பளத்துக்காரிக்குத்தான் தோன்றும். ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து குட்டி படுத்திருந்த மூலை, வாசல், சாக்கு எல்லாவற்றிலும் கொட்டித் தேய்த்தாள். சோற்றுத் தட்டையும் உப்பாலேயே விளக்கினாள். மீனே கெடாமல் கிடக்கும்போது கிருமி எப்படிப் பிழைக்கும் என்று நினைப்பு. யாரைக் குறை சொல்ல?

கொஞ்ச நாள் கழித்து, அடுத்த தெரு அஞ்சம்மாள் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கி வந்தாள். வந்த வாரமே அதுவும் சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வாந்தி, அப்புறம் அதே நாற்றம். துணியில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் அஸ்வினி குட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றியபடியே கேட்டார். "முன்னாடி ஒண்ணு இப்படிச் செத்துச்சா?"

"ஆமாங்க. ஆனா வீடு பூரா உப்பு போட்டுட்டேங்க."

"இது பார்வோ வைரஸ்மா. உப்புக்கெல்லாம் சாகாது. மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும். தரையை, தட்டைக் கழுவிட்டு, பிளீச்சிங் பவுடர் தண்ணில ஊறவிடணும். மண்வாசலை அப்பவும் நம்பக் கூடாது. ஊசி போட்டு முடிக்காத குட்டியை அங்க விடவே கூடாது. நோய் வந்த நாயோட மலம் துளி போதும், செருப்புல, சேலையில ஒட்டிக்கிட்டு நீங்க போற எடத்துக்கெல்லாம் வரும்."

சின்னப்பாப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். தினமும் வேலைக்குப் போகிற வழியில் இதே செருப்போடு அஞ்சம்மாள் வீட்டில் நுழைந்து, மற்ற குட்டிகளை மடியில் போட்டுக் கொஞ்சியவள் அவள்தானே!

"அங்க இன்னும் குட்டிங்க இருக்குதுங்க."

"ஒண்ணரை மாசத்துலயே முதல் ஊசி போடணும். அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, நாலு மாசம் ஆகுற வரைக்கும். உள்ளயே பூட்டி வைக்கச் சொல்லுங்க, நானே வந்து பாத்துட்டுப் போடறேன். நீங்க மட்டும் கிட்டப் போகாதீங்க."

குட்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, வழியெல்லாம் அஞ்சம்மாளுக்குப் போன் அடித்தாள். அவள் எடுக்கவில்லை. கடைசியில் அவள் வீட்டு வேலிக்கு எதிரே, தெருவிலேயே நின்று கத்தினாள்.

"அஞ்சம்மா, குட்டிங்கள உள்ள போட்டுப் பூட்டு."

"இன்னாடி ஆச்சு? உள்ள வந்து பேசேன்."

"வரமாட்டேன்டி. என் குட்டிக்கு வந்த நோய் என் கால்ல இருக்குது."

குரல் கேட்டதுமே குட்டிகள் வேலியண்டை முண்டியடித்தன. ஒன்று இடுக்கில் நுழைந்து, வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவளிடம் ஓடி வந்தது. பின்னால் நகர்ந்தாள். விடவில்லை அது. வாழ்நாளில் ஒரு நாயின்மேல் கை ஓங்காதவள், குனிந்து மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். விலாவில் பட்டு, வீலென்று கத்திக்கொண்டு வேலிக்குள் ஓடியது.

"பாவி, ஏன்டி அடிக்கிற?" என்றாள் அஞ்சம்மாள்.

அதற்குள் இன்னொரு குட்டி வேலியில் தலையை நுழைத்திருந்தது. சின்னப்பாப்பா அடுத்த கட்டியை எடுத்தாள்.