வீட்டுல யார் ஓட்டுவாங்க?

முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே கண்ணாடிக்காரரின் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்துவிடும். சிக்னல் இன்னும் நாலைந்து கடை தள்ளி இருக்கும்; அங்கே பச்சைகூட எரிந்துகொண்டிருக்கும். அது மாறப்போகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டால் போதும். பிரேக்கை அவர் மிதிப்பதில்லை, தடவுகிறார். அந்த நீளமான சாம்பல் நிற வண்டி மூச்சை விட்டுவிட்டுத் தளர்ந்ததுபோல் ஊர்ந்து போய் நிற்கும். பின்னாலிருந்து ஹாரன் கிளம்பினால் திரும்பிப் பார்க்கமாட்டார். ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை மட்டும் நீட்டி மன்னிப்புக் கேட்பார்.

“பிரேக்கை மெதுவாத் தொட்டா அந்த வேகம் கரண்டா மாறி பேட்டரிக்குப் போயிடும். படார்னு அமுக்கினா எல்லாம் சூடாகி வீணாப் போயிடும். தெரியுமா?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பக்கத்தில் இருப்பது மனைவியாக இருந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

மருந்துக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளே போனால் பாதி ஆள் உயரத்துக்கு எழுத்துப் பலகை, ஒரு சுழல் நாற்காலி, சதுரப் பெட்டியில் வரிசையாக வட்ட வில்லைகள். நாள் முழுக்க அவர் கேட்பது ஒரே கேள்வி: “முன்ன நல்லாத் தெரிஞ்சுதா, இப்ப நல்லாத் தெரியுதா?” அவசரப்படுத்தமாட்டார். வந்தவர் குழம்பினால் மறுபடி முதல் வில்லையைப் போட்டு, மறுபடி கேட்பார். அவ்வளவு பொறுமை அந்தச் சின்ன அறைக்குள் மட்டும்தான். வெளியே வந்துவிட்டால் கோணலைக் கண்டால் கை சும்மா இருக்காது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தால், “ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லிக்கொண்டே முகத்திலிருந்து கழற்றி, காம்பை இலேசாக வளைத்து, திரும்ப மாட்டிவிட்டுத்தான் நகர்வார். பிறத்தியார் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். நன்றி எதிர்பார்த்துச் செய்வதில்லை. நேராக்காவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

இந்த ஹைபிரிட் கார் வந்த பிறகு கடைக்கு ஒரு புது வகை ஆட்கள் வருகிறார்கள். கண்ணாடியில் திருகு தளர்ந்துவிட்டது என்பார்கள். திருகு நன்றாகத்தான் இருக்கும். அவர் முடுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருக்கையில் மெதுவாக விஷயத்துக்கு வருவார்கள். “உங்க வண்டி எப்படி சார் போகுது? நானும் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்.”

அவர் பூசி மெழுகமாட்டார். ஊருக்குள்ளே சொன்னபடி மைலேஜ் தருகிறது. நெடுஞ்சாலையில் விரட்டினால் மற்ற வண்டி மாதிரிதான் குடிக்கும். பேட்டரி பின்னால் உட்கார்ந்துகொண்டதால் டிக்கியில் பெரிய பெட்டி ஒன்று வைத்தால் அதோடு சரி. மெதுவாகப் போகும்போது சத்தமே இருக்காது, சந்துகளில் ஆட்கள் விலகமாட்டார்கள், நாம்தான் பார்த்துப் போக வேண்டும். இத்தனையும் சொல்லி முடித்ததும், “அப்ப வாங்கலாமா சார்?” என்று கேட்பார்கள். அவர் கையிலிருக்கும் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். பிறகு கேட்பார்:

“வீட்டுல யார் ஓட்டுவாங்க?”

வந்தவருக்கு விளங்காது. நான்தான் ஓட்டுவேன் என்பார், அல்லது இரண்டு பேரும் என்பார். “வீட்டுல கேட்டீங்களா? கூட்டிட்டுப் போய் அவங்க கையில ஓட்டக் கொடுங்க முதல்ல” என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வராது.

அவர் வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவிதான்.

அப்போது அவர்களிடம் இருந்தது ஒரு சின்ன கார், கியர் போடுகிற வண்டி. அந்த அம்மாள் குள்ளம். இருக்கையில் ஒரு பஞ்சுத் திண்டைப் போட்டு உட்காருவாள். எதிரே வருகிறவர்களுக்கு ஸ்டியரிங்குக்கு மேலே நெற்றி மட்டும்தான் தெரியும். கடைக்கு வரமுடியாத வயதானவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கண்ணாடி கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. மகளைப் பள்ளிக்கும், பிறகு கல்லூரிக்கும் கொண்டுபோய் விட்டவளும் அவளே. ஓட்டும்போது வாய் ஓயாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை, சாலையோடு பேசுவாள். குறுக்கே புகுகிற மோட்டார் சைக்கிளைப் பார்த்து, “போப்பா போ, உனக்காகத்தான் அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க” என்பாள். வழி விடாத லாரியைப் பார்த்து, “அண்ணே, ரோட்டை எழுதி வாங்கிட்டீங்களா? எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க” என்பாள். மகள் பின்னால் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள்.

கண்ணாடிக்காரருக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். கடை விடுமுறை நாட்களில் ஆளில்லாத ஒரு கிடங்கின் முன்னாலிருந்த திடலுக்குக் கூட்டிப்போவாள். அவர் கிளட்சை வெடுக்கென்று விடுவார். வண்டி முயல்போல் குதித்து நின்றுவிடும். ஒரு தடவையாவது அவள் முகம் சுளித்ததாக அவருக்கு நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். அவர் தானாகச் சரி செய்துகொண்டு நகர்ந்ததும், “ம், அவ்வளவுதான்” என்பாள். அந்த இரண்டு சொல்லோடு அவர் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

மகள் வேலைக்குப் போய் வேறு ஊரில் குடியேறிய பிறகு, புது வண்டி எடுக்கும் ஆசை அவருக்கு வந்தது. பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கிற வண்டி என்று படித்ததிலிருந்து அவருக்கு அதே பேச்சு. ஷோரூமில் விற்பனைக்காரர் சாவியை நேரே அவரிடம் நீட்டினார். மனைவி பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். திரும்பி வந்து நின்றபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “இதுல கியர் போடவே வேண்டாமா?” விற்பனைக்காரர் அவரைப் பார்த்துப் பதில் சொன்னார். “மேடத்துக்கு ரொம்ப ஈஸியா இருக்கும் சார். பழைய வண்டி இருந்தா எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கலாமே.” அவர் அங்கேயே தலையாட்டிவிட்டார். அவளிடம் கேட்கத் தோன்றவில்லை என்பதுகூட ரொம்ப நாள் கழித்துத்தான் அவருக்குத் தோன்றியது. பழைய வண்டியைக் கொடுக்கிற அன்று அவள் திண்டையும் ஒரு குடையையும் கதவுப் பையில் கிடந்த சீப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

முதல் சில வாரம் புது வண்டியையும் அவள்தான் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. அணைத்ததும், அந்தப் பயணத்தை எவ்வளவு சிக்கனமாக ஓட்டினோம் என்று நூற்றுக்கு ஒரு மதிப்பெண் காட்டும். யார் அதை யோசித்துச் செய்தார்களோ, அவர்கள் வீட்டில் தனியாக இருப்பவர்களாக இருக்க வேண்டும். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் கண்ணாடிக்காரர் அதை உரக்கப் படிப்பார்.

“அறுபத்தி ரெண்டு. பரவாயில்ல. அந்தப் பாலத்துல மிதிச்சே பாரு, அங்கதான் போச்சு.”

மறுநாள், “ஐம்பத்தி எட்டு. நேத்தைக்கு இன்னைக்கு இறங்கிட்டே.”

“எத்தனை வருஷமா ஓட்டுறேன், இப்பப் போய் எனக்கு மார்க் போடுறான்” என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டும் ஒரே சிரிப்பு என்று நினைத்துக்கொண்டார். ஓடுகிறபோதும் விடவில்லை. “காலை எடு, எடு... இப்பத் தொடு, மெதுவா... திரையில முள்ளைப் பச்சைக்குள்ளயே வையி.” சாலையோடு அவள் பேசுவது எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. இவர் பேசிக்கொண்டிருந்தார் அல்லவா.

ஒருநாள் அவளுடைய தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று. அவள் நிதானமாகப் பார்த்து, காலை அழுத்தி, எஞ்சின் உறுமத் தாண்டினாள். சுத்தமான தாண்டல். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “எதுக்கு இந்த மிதி? இவ்வளவு நேரம் சேர்த்ததெல்லாம் போச்சு. ஒரு லாரி பின்னால போனா குறைஞ்சா போயிடுவோம்?” என்றார். அவள் இண்டிகேட்டரைப் போட்டு, ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்தினாள். இறங்கினாள். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து அவர் கதவைத் திறந்தாள்.

“இறங்குங்க.”

“ஏன், என்னாச்சு?”

“கால் வலிக்குது. நீங்க ஓட்டுங்க.”

அவர் நம்பினார். அதுமட்டுமா, உள்ளுக்குள் குஷியாகக்கூட இருந்தது. மச்சான் வீட்டு வாசலில் வண்டியை அணைத்தபோது திரை எண்பத்தி நாலு காட்டியது. அதையும் வாய்விட்டுப் படித்தார். அதை இப்போது நினைத்தால், கடையில் ஆள் இருக்கும்போதே, நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

அதன் பிறகு அவள் ஓட்டவில்லை. கண்ணாடிகள் கூரியரில் போயின. அவள் கடைகண்ணிக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். கால் வலிக்கு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று அவரும் கேட்கவில்லை. ஒரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

பிறகு ஒரு காலையில், இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சிக்னலில், பக்கத்து வரிசையில் அந்தப் பழைய சின்ன கார் வந்து நின்றது. கூரையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகை. கதவில் இவர்களிடம் இருந்த காலத்து நசுங்கல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு பெண் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுந்ததும் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். மறுபடி முயன்றாள், மறுபடி நின்றது.

“பயப்படாதடி, பாதி விடு, பாதியிலயே பிடி” என்று கண்ணாடிக்காரரின் மனைவி முணுமுணுத்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய இடது கால் தரை விரிப்பை அழுத்தியிருந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர, கை தானாக எழுந்து, கியர் இல்லாத இடத்தில் காற்றை ஒரு தள்ளு தள்ளியது. பக்கத்து வண்டி நகர்ந்தது. “ம், அவ்வளவுதான்” என்றாள். பிறகு அவர் பார்ப்பதை உணர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவர்களுக்குப் பின்னாலும் ஹாரன் கேட்டது. அன்றைக்குக் கையை நீட்டி மன்னிப்புக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே அவர் பயிற்சிப் பள்ளியைத் தேடிப் போனார். “எல்லாரும் அதுலதான் கத்துக்கறாங்க சார், கொடுக்கறதுக்கில்ல” என்றுவிட்டார் அதன் முதலாளி. வேறு ஒரு சின்ன வண்டி எடுக்கட்டுமா என்று வீட்டில் கேட்டார். “ரெண்டு பேருக்கு எதுக்குங்க ரெண்டு வண்டி?” என்றாள் அவள். சர்வீஸுக்கு விட்டபோது, அந்த மதிப்பெண்ணை நிறுத்த வழி உண்டா என்று மெக்கானிக்கிடம் கேட்டார். மெக்கானிக் திரையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். “அவ்வளவுதான் சார். முதல்லயே கேட்டிருக்கலாமே.”

ஒருநாள் சாப்பிடும்போது துணிந்து சொல்லியும் பார்த்தார். “நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“என்னைக்கு?”

“லாரியைத் தாண்டினியே, அன்னைக்கு.”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசிக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் ஊரில் உள்ளவர்களின் கண்களையெல்லாம் பார்த்துக் கணக்குச் சொல்கிறவர் அவர். “அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு” என்று சொல்லித் தட்டைக் கழுவப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் கோபமாக இல்லை. அவரோடு எப்போதும்போல் பேசுகிறாள், சிரிக்கிறாள். வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் ஒரே பதில்: “உங்க வண்டி. நீங்க ஓட்டுங்க.” மகளிடம் தொலைபேசியில் புலம்பினார். “அப்பா, நான் சொன்னா அம்மா எனக்காக ஒரு தடவை ஓட்டுவாங்க. அது உங்களுக்குப் போதுமா?” என்று கேட்டாள். போதாது என்று அவருக்கே தெரிந்தது.

போன வாரம் மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர் முன்னதாகவே வெளியே வந்து வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டுகிறவர் இருக்கையை அவள் உயரத்துக்கு ஏற்றி, அவள் காலுக்கு எட்டும்படி முன்னால் தள்ளினார். வண்டியின் பக்கக் கண்ணாடிகளையும் அவள் பார்வைக்குத் திருப்பிவைத்தார். பிறகு சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம்.

அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தாள். பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போயிற்று. பின் கதவைத் திறந்து, பையை உள்ளே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

பேட்டரி குறைந்திருக்க வேண்டும். எஞ்சின் தானாகக் கிளம்பி, சிறிது நேரம் ஓடி, தானாக அடங்கியது. தெருவில் போன ஒருவர் ஓட்ட ஆளில்லாத வண்டிக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

“நேரமாகுதுங்க. தம்பி காத்துக்கிட்டிருப்பான்” என்றாள் அவள், பின்னாலிருந்து, அன்பாகவே.

கண்ணாடிக்காரர் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தார். குனிந்து இருக்கைக்கு அடியில் கையை விட்டு, ஒவ்வொரு பல்லாக, அதைத் தன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளினார்.