பந்து போன பக்கம்

போன ஞாயிறு ஸ்காபரோ ஏரிக்கரையில் மகள் அடித்த பந்து தண்ணீரில் போய் விழுந்தது. அவள் சப்பாத்தைக் கழற்றமுன்னமே, "விடு! போகட்டும்!" என்று கத்திவிட்டேன். மணலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பா, ரிலாக்ஸ், இட்ஸ் ஜஸ்ட் எ போல்" என்றாள். பந்தைத் தொட்ட என் கையில் வெயில் பட்ட ரப்பர் மணம்.

உங்களுக்கும் இப்படி ஒரு மணம் இருக்கும். இது என்னை நேரே பலெர்மோவுக்குக் கொண்டுபோய்விடும். கனடாவுக்கு வருமுன் அந்த இத்தாலிக் கடற்கரை நகரில் நாங்கள் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலர் வீட்டுவேலை செய்தோம். கிழமை முழுக்க யார் யாரோ வீட்டு நிலத்தைத் துடைப்போம். ஞாயிறு பின்னேரம் கடற்கரையில் நெற் என்று ஒரு வலையைக் கட்டி வொலிபோல் விளையாடுவோம். நான் விளையாடியதைவிடச் சத்தம் போட்டதுதான் கூட. எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: பந்தைக் கடலுக்குள் அடித்தவன்தான் போய் எடுக்கவேண்டும்.

அன்றைக்குத் தெற்கிலிருந்து சூட்டுக்காற்று. நான் வேலைசெய்த வீட்டு அம்மா ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கடற்கரைக்குப் போகாதே என்று வாயாலும் கையாலும் சொன்னார். யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவனுக்கு இதெல்லாம் ஒரு காற்றா என்று சிரித்துக்கொண்டு போனேன். கரையில் எங்களைத் தவிர ஒருவருமில்லை. காற்று தரையிலிருந்து கடல்பக்கம் அடித்ததில் கடல் அலையே இல்லாமல் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்களில் இளையவனான யூட் சேர்வ் பண்ணிய பந்தைக் காற்று தூக்கிக் கடலில் போட்டது. அவன் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டைதீவுக்காரன். அங்கே பரவைக்கடல், எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏறாது. அதனால் நீந்தப் பழகவேயில்லை.

"நில்லுங்கோ அண்ணை, நடந்துபோய் எடுத்துக்கொண்டு வாறன்."

பந்து மெல்ல மெல்ல விலகியது. அவனும் பின்னால் போனான். முழங்கால், இடுப்பு.

"யூட், பந்தை விட்டிட்டு வாடா!" என்று கத்தினேன்.

திரும்பிச் சிரித்தான். இன்னொரு அடி வைத்தான். அங்கே நிலம் இல்லை.

நீந்தத் தெரிந்தவர்கள் பாய்ந்தார்கள். யூட் கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை. பொழுதுபட முன் காற்று மாறியது. பந்து தன்பாட்டில் கரைக்கு வந்து எங்கள் காலடியில் நின்றது. ஒருவரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு அங்கே யாரும் நெற் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள் படுத்துக் கிடந்தோம். ஒவ்வொருவராக லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று கலைந்தோம். இப்போது ஒருவருக்கொருவர் போன்கூட எடுப்பதில்லை.

"அப்பா, பாருங்கோ, தானா வந்திட்டுது!" என்று மகள் பந்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "பந்து வரும்."