ஏழடிச் சுவருக்குள் ஒரு சம்பந்தப் பேச்சு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குளியலறைக்கு வெளியே உட்கார்ந்து ஒரு கல்யாணப் பேச்சைக் கேட்டேன். பார்க்கவில்லை... கேட்டேன். அப்படித்தான் எழுதினேன்; அச்சுக் கோப்பவர் மேல் தவறில்லை.

விஷயத்துக்கு வருமுன் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம் செய்யும் என் நண்பர் ஏகாம்பரத்துக்குத் தென்னேரி ஏரிக்கரை முடிகிற மேட்டில் ஒரு தோப்பு உண்டு. தென்னைகளை டிரில் வகுப்பு மாதிரி வரிசையாக நிறுத்தி வைத்த தோப்பு அல்ல. மா, இலுப்பை, நாவல், புங்கன் என்று அவரவர் இஷ்டத்துக்கு வளர்ந்த குட்டிக் காடு. அதற்குள் இந்த வருஷம் ஒரு வீடு கட்டி முடித்திருக்கிறார். கட்டியது மேஸ்திரிதான். ஆனால் யோசித்தது சென்னையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட்.

இளைஞர். பெல்பாட்டம் போட்டவர். வெளிநாட்டுப் படிப்பு. ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்றார் — வெட்டவில்லை. ஒரு இலுப்பை மரம் வராந்தாக் கூரையில் ஓட்டை போட்டுக்கொண்டு மேலே போகிறது. ஏரிப் பக்கம் சுவரே கிடையாது. முழுக்கக் கண்ணாடி.

“சுவர்தான் சார் மனுஷங்களைப் பிரிக்குது” என்றார் என்னிடம். நானும் நாலு புத்தகம் படித்தவன் அல்லவா? ஆழமாக யோசிப்பவனைப் போல மோவாயைத் தடவிக்கொண்டேன்.

கூடம், சமையல், சாப்பாடு எல்லாம் ஒரே நீள அறை. படுக்கிற இடத்துக்கு மூங்கில் திரை. கதவு என்று பார்த்தால் வாசலுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. அந்தக் குளியலறைச் சுவரும் ஏழடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரை வரை வெறும் இடைவெளி. கேட்டால், காற்று சுற்றி வரவேண்டுமாம்!

ஒன்று சொல்ல வேண்டும். வீடு அழகு. ஐப்பசி மழையில் நிரம்பிய ஏரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தளும்பி நிற்கும்போது, பட்டுக் கடைக்காரருக்கு இவ்வளவு ரசனையா என்று பொறாமையாகத்தான் இருந்தது.

அந்த ரசனையைப் பத்துப் பேருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? மகள் கோமதியைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வருகிறவர்களை நேராகத் தென்னேரிக்கே வரச் சொல்லிவிட்டார் ஏகாம்பரம். அவர் மனைவி மரகதம் தலையில் அடித்துக்கொண்டார்.

“அங்க ஒரு உள் ரூம் இருக்குதா? கதவு இருக்குதா? பொண்ணை எங்கேர்ந்து கூப்பிடுவீங்க? அவதான் ஏற்கெனவே எதிர்லயே நின்னுக்கினு இருப்பாளே!”

நியாயமான கேள்வி. நம் ஊரில் பெண் பார்ப்பது முன்கூடத்தில் என்று நினைப்பவர்கள் பிரம்மச்சாரிகள். முன்கூடத்தில் ஸ்வீட்டும் காரமும் மட்டும்தான். கல்யாணம் நடப்பது கதவுக்குப் பின்னால். “ஒரு நிமிஷம்” என்று சொல்லி அப்பா உள்ளே போவார்... அங்கே அம்மா நிற்பாள்... வெளியே வரும்போது அப்பாவிடம் ஒரு முடிவு இருக்கும்.

இந்தத் தடவை உள்ளே பேச வேண்டிய விஷயமும் இருந்தது. கோமதி சென்னையில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறாள். முடிக்க இன்னும் ஒரு வருஷம். “முடிச்சப்புறம்தான் கல்யாணம். இல்லைன்னா தலையாட்ட மாட்டேன்” என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆரணிக்காரர்களோ வருகிற தையிலேயே முகூர்த்தம் என்கிறார்கள். இதே ஒரு வருஷத்தைக் கேட்கப் போய்த்தான் முன்பு வேலூர் சம்பந்தம் ஒன்று கைநழுவிப் போனது. அதனால் ஏகாம்பரம் இந்த முறை வாயைத் திறப்பதாக இல்லை.

எனக்கென்ன அங்கே வேலை? பெண் வீட்டில் சபை மௌனமாகிவிட்டால் பேச ஒரு ஆள் வேண்டும். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை இது.

பெண் எங்கிருந்து வருவாள் என்ற கேள்விக்கு மரகதமே விடை கண்டுபிடித்தார். ஆரணிக் கார் தெரிந்ததும் கோமதியைத் தோப்புக்குள் அனுப்பிவிட்டார். அரக்குப் பட்டுப்புடவையோடு அவள் மாமரத்தடியில் காத்திருந்து, கூப்பிட்டதும் மரங்களுக்கு நடுவிலிருந்து நடந்து வந்தாள். பார்க்க வனதேவதை மாதிரிதான் இருந்தது. கொசுவத்தில் சருகு ஒட்டியிருந்தது. நமஸ்காரம் பண்ணி எழுந்தவள் முழங்கையைச் சொறிந்துகொண்டாள். மாமரத்துச் செவ்வெறும்புக்கு முகூர்த்தமெல்லாம் தெரியாது.

பையன் சேகர் கல்லூரி லெக்சரர். சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை எடுத்தான். அவன் அப்பா நூல் கடை வைத்திருப்பவர், சாது. அம்மா அகிலாண்டம்... நாற்காலி நுனியில் உட்கார்ந்து கண்ணாடி, கூரை, தரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“எங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குதுங்க” என்றார் பையனின் அப்பா. “தையில வெச்சிக்கலாமா?”

ஏகாம்பரம் மரகதத்தைப் பார்த்தார். மரகதம் ஏகாம்பரத்தைப் பார்த்தார். “ஒரு நிமிஷம்” என்றார் ஏகாம்பரம்.

பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாரே தவிர, எங்கே போவது? கதவுள்ள அறை ஒன்றே ஒன்றுதான். இருவரும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு ஏழடிச் சுவருக்கு மேலே காற்று சுற்றி வந்தது. அதோடு மரகதமும் வந்தார்.

“கேளுங்க. ஒரு வருஷம் டைம் வேணும்னு கேளுங்க.”

“கேட்டுத்தான் வேலூர் போச்சு. வாய மூடிக்கினு இரு.”

“போனா போவட்டும்! படிப்பைப் பாதில நிறுத்திட்டு எவன் வீட்டுலயோ போயி ஏங்கிக்கினு கெடக்கவா பெத்தேன்?”

“மெதுவா! அந்தம்மா மூஞ்ச பாத்தியா? ஒரு தபா சிரிச்சாங்களா? வெடுக்குனு எழுந்து போயிடுவாங்க...”

அந்தம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இது என் நேரம் என்று உணர்ந்தேன். உரக்க, மிக உரக்க, ஏரியைப் பற்றி ஆரம்பித்தேன்.

“இந்த ஏரி இருக்கே... மன்னர் காலத்து ஏரி! இதன் மதகுகளைப் பார்த்தீர்களானால்—”

“சார்” என்றான் சேகர் பணிவாக. “கொஞ்சம் நிறுத்துங்களேன். உள்ள பேசறது கேக்க மாட்டேங்குது.”

நிறுத்தினேன். முப்பது வருஷம் எழுதி இந்த அளவு நேர்மையான விமரிசனம் எனக்கு வந்ததில்லை.

சேகர் கோமதி பக்கம் திரும்பினான். “எம்.எஸ்ஸி.ல என்ன?”

“கெமிஸ்ட்ரி.” அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “முடிக்காம விடமாட்டேன்.”

தாழ் திறந்தது. ஏகாம்பரம் வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது. நாங்கள் எல்லோரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எல்லாம் உங்க இஷ்டங்க...” என்று இழுத்தார். கோமதியின் முகம் விழுந்துவிட்டது.

அகிலாண்டம் எழுந்தார். “ஒரு நிமிஷம்” என்றார். கணவரைக் கண்ணால் அழைத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குள் போனார். தாழ் விழுந்தது.

மரகதம் என் பக்கத்தில் வந்து நின்றார். மேலேயிருந்து முதலில் வந்தது அந்தச் சாதுவின் குரல்.

“ஏய்... மெதுவா பேசு.”

“எதுக்கு மெதுவா? அவங்க பேசினது நமக்குக் கேட்டுச்சில்ல? நாம பேசறது அவங்களுக்கும் கேக்கட்டும்.”

ஏகாம்பரம் சுவரை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“நான் சிரிக்கலியாம். எப்பிடிங்க சிரிப்பு வரும்? வந்ததுலேர்ந்து பயமா இருக்குது. நம்ம வீட்ல பின்னால தட்டி கட்டிக் குளிக்கறோம். இந்தப் பளிங்கு ரூம்ல குளிச்ச பொண்ணு நம்ம வீட்டைப் பாத்தா இன்னா நெனைக்கும்?”

“அதுக்கின்னா பண்ணச் சொல்றே?”

“ஒரு வருஷம் கெடைச்சா மாடி எடுத்துடலாம்ல? மேல ஒரு ரூம், ஒரு பாத்ரூம். பொண்ணும் படிச்சி முடிக்கட்டும். கெமிஸ்ட்ரி படிச்ச மருமவள்னா ஆரணியில எனக்குத்தான பெரும? தையில தையிலன்னு தாளம் போட்டது நீங்க. நானா?”

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் சிரித்தன. மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமையல் மேடைப் பக்கம் போய் இரண்டாம் காபிக்குப் பால் வைத்தார்.

தாழ் திறந்தது. அகிலாண்டம் மகாராணி போல வெளியே வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இதுவரை யாருமே எதுவுமே கேட்காதது போல அறிவித்தார்:

“இந்தத் தை பையன் ஜாதகத்துக்குச் சரியில்லீங்க. அடுத்த தையில வெச்சிக்கலாம்னு எங்க ஜோசியர் சொன்னாரு.”

“அட!” என்று துள்ளி எழுந்தார் ஏகாம்பரம். “எங்க ஜோசியரும் அதையேதாங்க சொன்னாரு!”

இரண்டு ஜோசியர்களும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்களோ, பாவம். வெற்றிலைத் தட்டு கை மாறியது. இரண்டு அம்மாக்களும் தோப்பைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். இலுப்பை மரத்தடியில் அகிலாண்டம் சிரிக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாம் பொய் சொல்லத்தான் கதவைச் சாத்திக்கொள்கிறோம் என்று உலகம் நினைக்கிறது. இல்லை. பொய்யைக் கூடத்தில், காபியோடு, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறோம். உண்மையைச் சொல்லத்தான் நமக்கு ஒரு தாழ்ப்பாள் தேவைப்படுகிறது. அன்றைக்குத் தாழ்ப்பாள் பயத்தைப் போக்கி வாயைத் திறக்க வைத்தது. குட்டைச் சுவர் அதைச் சேர வேண்டிய காதில் சேர்த்தது. வேலூர்க்காரர்களையும் அப்படி ஒரு வீட்டில் உட்கார வைத்திருந்தால்... யார் கண்டது?

ஏகாம்பரம் இப்போது அந்த ஆர்க்கிடெக்டை ஊரெல்லாம் சிபாரிசு செய்கிறார். என்னிடமும் வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். என் வீட்டில் சுவரெல்லாம் கூரையைத் தொடுகிறது. என் மனைவி என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது இருபது வருஷமாக எனக்குத் தெரியாது — நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்.