ஒன்பதாம் நம்பர் கட்டில்

போன வெள்ளிக்கிழமை ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் — பெயர் வேண்டாம் — என் மனைவிக்கு இடம் கிடைத்தது. வார்டில் அல்ல. வராந்தாவில், கேன்வாஸ் கட்டிலில்!

அவளுக்கு ஆஸ்துமா. இழுப்பு நிற்கவில்லை. உள்ளே கட்டில் காலியானால்தான் வார்டு என்றார்கள். வெளியே மழை. சாரல் அவள் போர்வை வரை வந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தால்... ஒன்பதாம் நம்பர் கட்டிலில் ஓர் அம்மாள். தலை வாரி, பூ வைத்து, பக்கத்தில் பிரம்புக் கூடையோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு என்ன நோய்? ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி வீட்டு ஆளா? ஆயாவுக்குச் சொந்தமா? தேத்தண்ணி வேறு தேடி வந்தது. உள்ளுக்குள் ஏதோ நடக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

தாதியைப் பிடித்தேன்.

“மிஸி, அந்தம்மா நல்லாத்தானே இருக்கு? ஏன் இன்னும் கட்டில்ல?”

“டாக்டர் காலையிலயே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாருலா. ராகு காலம் முடிஞ்சாத்தான் எறங்குவேன்னு அடம். நான் என்னா செய்ய?”

நம்புவேனா நான்? ஆனால் பன்னிரண்டு அடித்ததும் அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கட்டில் என் மனைவிக்கு வந்தது. என் கோபம் மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்று கத்துகிறோமே, நம் காலண்டர் ஏறிப் படுத்திருக்கும் கட்டில்களை யார் கேட்பது?

புதன்கிழமை டாக்டர் வந்தார். மூச்சு சீராகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார். பையைத் தூக்கினேன்.

“என்னங்க, மணி பன்னெண்டு. இப்பத்தான் ராகு காலம் ஆரம்பிக்குது. ஒன்றரைக்குப் போலாம்.”

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? உட்கார்ந்துவிட்டேன்! வழியில் அவளுக்கு மறுபடி இழுப்பு வந்தால்... பயம்தான்.

அப்போதுதான் வராந்தாவைப் பார்த்தேன். அதே கேன்வாஸ் கட்டிலில் ஒரு பெண் இருமிக்கொண்டு கிடந்தாள். சுங்காய் ஊரிலிருந்து தோட்ட லாரியில் அவளைக் கொண்டுவந்த புருஷன், என் மனைவியின் வாரிய தலையையும் என் பையையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா?

“எந்திரி. மருந்து குடுக்குற எடத்து பெஞ்சில உக்காந்து ராகு காலத்தைக் கழிப்போம்.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். மிஸியிடம் சொன்னேன். வராந்தாவுக்கு வந்து, “கட்டில் காலி தம்பி, ஒங்களுக்குத்தான்” என்றேன், பெருமையாக.

அவன் அசையவில்லை. உள்ளே காலிக் கட்டிலை எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“ஏண்ணே இவ்ளோ அவசரமா எறங்குறீங்க... அந்தக் கட்டில்ல யாராச்சும் செத்துட்டாங்களா?”