எரியாத கண்ணா மரம்

வாவிக்குள்ளால சுழல்காத்து எழும்பி வந்த நேரம், நான் நெஞ்ச நிமித்திக்கொண்டு கரையில நிண்டன். பச்சைப் பொய். கவிழ்த்து வெச்ச தோணிக்குக் கீழ குப்புறக் கிடந்தன். எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுறா.

காத்து போனாப் பிறகு பாத்தா, கரையில உப்புத்தண்ணிச் சேத்துக்குள்ள நிண்ட கண்ணாக்காடு வேரோட பிரண்டு கிடந்திச்சு. கொக்குக்கூடு ஒண்டும் மிச்சமில்ல. ஒரேயொரு மரம் மட்டும் இலையெல்லாம் உதிர்ந்து தண்ணிக்கு மேல சாஞ்சு நிண்டுது. மிஞ்சின கொக்கெல்லாம் அதிலதான் வந்து ஒண்டிச்சு.

விழுந்த மரங்கள் காய்ஞ்சு, விறகா எரிச்சு முடிஞ்சுது. மறுகா இந்த மரத்துக்குக் கத்தியோட போனன்.

"வேர் சேத்துக்குள்ளதானே கிடக்கு, விடுங்க" எண்டா என்ட மனிசி.

"செத்த மரத்துக்கு நீ என்ன வைத்தியம் பாக்கிற பரியாரியா?" எண்டு பகிடி விட்டுட்டு வெட்டினன்.

அடுப்புல வெச்சா எரியுதே இல்ல. வெட்டின வாயால தண்ணி கசிஞ்சு புகைதான் வந்திச்சு. மரத்துக்கு உசிர் இருந்திருக்கு. வெளியில வந்து பாத்தா, கொக்குகள் அந்த இடத்தையே சுத்திச் சுத்திப் பறக்குது, இறங்க ஒரு கொப்பு இல்ல.

இப்ப காத்துக்குச் சாஞ்ச மரத்த நான் வெட்டுறல்ல. துளிர்க்குதா எண்டு அடுத்த மாரி மட்டும் பாத்துக்கொண்டிருப்பன். மத்தவனையும் வெட்ட விட...

"இஞ்சேருங்க, கெதியா வாங்க! பக்கத்து வளவுக்காரர் சாஞ்ச மரத்தடிக்குக் கத்தியோட போறார்!"

மனிசிதான் கூப்பிடுறா. எழுதினது போதும் மகள், நான் ஓடுறன்.