வாசலில் நின்ற மதினி

முதல் கீமோ முடிந்த எட்டாம் நாள், என் மதினி, அதாவது கணவரின் அக்கா, ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி, ஒரு பை கொய்யாப்பழத்தோடு திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குக் கடுமையான சளி.

"உள்ள வராதக்கா. அங்கனயே நில்லு," என்றார் கணவர்.

"ஒடம்பு முடியாதவள எட்டிப் பாக்கக்கூட விடமாட்டியாடா?" பையை வாசலில் வைத்துவிட்டு மதினி திரும்பிவிட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

எனக்கு மார்பகப் புற்றுநோய். அதற்கான மருந்து, கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். "காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டா மாத்திரை போட்டுக் காத்திருக்காதீங்கம்மா. உடனே வந்துருங்க."

மறுநாள் பகலில் குளிர் நடுக்கியது. தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது.

"செத்த நேரம் படுத்தா சரியாயிரும்," என்றேன். கணவர் அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

மருத்துவமனையில் ரத்தத்தைப் பரிசோதித்தபோது வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. போனவுடனேயே நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி மருந்து) ஏற்றினார்கள். தாமதித்திருந்தால் ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம் என்றார் மருத்துவர். ஐந்து நாட்கள் அங்கேயே இருந்தேன்.

மதினி போனில் அழுதார். "நான் வந்து நின்னதாலதான் இம்புட்டும்."

"இல்ல மதினி. நம்ம வாயிலயும் குடல்லயும் இருக்குற கிருமியே போதுமாம். டாக்டரே சொன்னாரு."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு, "சளி விட்டதும் வாரேன்," என்றார்.

இரண்டாம் கீமோவுக்கு மறுநாள், எலும்பு மஜ்ஜையைத் தூண்டி வெள்ளணுக்களைப் பெருக்கும் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு இரண்டு நாள் குடைந்தது. மதினி வந்து தங்கி, எல்லாவற்றையும் சூடாகச் சமைத்துக் கொடுத்தார். பார்க்க வந்தவர்களிடம், "சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. இருமல் இருந்தா போன்ல பேசுங்க," என்று அவரே கறாராகச் சொன்னார். கணவர் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தார். அதன்பின் கடைசி கீமோ வரை எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

நீங்களும் இப்படிக் கீமோ நாட்களில் இருந்தால், ஒரு தெர்மாமீட்டரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நம்மவர்கள் புரிந்துகொள்வார்கள், கொஞ்சம் நாளாகும்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களாகின்றன; வெள்ளணுக்களும் பழைய அளவுக்கு வந்துவிட்டன. போன வாரம் கத்தரிக்காய்க் காம்பின் முள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. கழுவிவிட்டு, தினமும் அந்த இடத்தைப் பார்த்தேன். மூன்றாம் நாள் தழும்புகூட இல்லை. நான் தூங்கும்போதும் உள்ளே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.